வணக்கத்துக்குரிய மாட் டால்பட்: டப்ளின் நகரத்துச் சுமைதொழிலாளி

ஆண்டு மலருக்கு ஒரு புண்ணியவாளரின் வரலாற்றை எழுத வேண்டும் என்றதும், குழந்தை இயேசுவின் தெரேசம்மாளைப் பற்றியோ, கன்னி மரிய கொரற்றியைப் பற்றியோ நாங்கள் எழுதுவோம் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள். நாங்கள் தேர்ந்துகொண்டதோ பதினாறு ஆண்டுகள் இடைவிடாமல் குடித்தவர். மதுக்கடைகளில் கடன் வைத்தவர். ஒரு முறை திருடவும் செய்தவர். கேட்பதற்கு விந்தையாக இருக்கலாம். ஆனால் அவர் முதன்முதலாக மதுவை வாயில் வைத்தபோது அவருக்கு வயது பன்னிரண்டு. அதற்கு வறுமை காரணம் அல்ல, துக்கமும் காரணம் அல்ல. கூட இருந்தவர்கள் எல்லோரும் குடித்தார்கள் என்பது ஒன்றுதான் காரணம். அந்த ஒரு காரணத்திற்காகவே அவரைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் லிஃபி ஆறு கடலோடு கலக்கிறது. ஆற்றின் வடக்கே, துறைமுகத்தையும் சரக்குக் கிடங்குகளையும் அடுத்து நார்த் ஸ்ட்ராண்ட் என்னும் பகுதி உள்ளது. அங்கே ஆல்ட்பரோ கோர்ட் என்ற சந்தில் 1856-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள் ஓர் ஆண் மகவு பிறந்தது. மே 5-ஆம் நாள் ஞானஸ்நானம் அளித்து மத்தேயு என்று பெயரிட்டனர். வீட்டிலும் தெருவிலும் மாட் என்றே அழைத்தனர். தந்தை சார்லஸ் டால்பட் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். தாயார் எலிசபெத். பன்னிரண்டு பிள்ளைகளில் மாட் இரண்டாவது பிள்ளை. தந்தையின் சம்பளத்தில் பெரும் பகுதி குடிக்குப் போயிற்று. குடும்பம் ஒரு வீட்டில் நிலைத்து இருந்ததில்லை. அடிக்கடி ஒண்டுக் குடித்தனங்களுக்கு மாறிக்கொண்டே இருந்தது. தாயார் பிறர் வீடுகளில் வேலை செய்துதான் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்ற வேண்டியிருந்தது.

அந்தக் காலத்து அயர்லாந்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டனர். நிலத்தை விட்டு ஓடி வந்தவர்களால் டப்ளினின் பழைய மாளிகைகள் நிரம்பின. ஒரே அறையில் ஒரு முழுக் குடும்பம் வசித்தது. அந்த அறையில் உட்காரவும் இடம் இருக்காது. வேலை முடிந்த ஆண்களுக்கு வெளிச்சமும் கணப்பும் பேச்சுத்துணையும் கிடைத்த ஒரே இடம் மதுக்கடைதான். இதற்கு முன்பே 1838-இல் கார்க் நகரில் கப்புச்சின் சபைத் துறவி தியோபால்டு மாத்யூ அடிகளார் மதுவிலக்கு இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். குடிப்பதில்லை என்று அவர் முன் முழங்காலிட்டுப் பிரதிக்கினை செய்தவர்கள் இலட்சக்கணக்கானோர். அவர் இறந்ததும் அதே 1856-ஆம் ஆண்டில்தான். மாட் பிறந்தபோது அந்த எழுச்சி தணிந்துவிட்டது. ஆனால் பிரதிக்கினை செய்யும் வழக்கம் மட்டும் மக்களிடையே நிலைத்துவிட்டது. இது பின்னால் பயன்படப் போகிறது.

மாட் பள்ளியில் படித்த காலம் மிகக் குறைவு. கிறிஸ்தவ சகோதரர்கள் நடத்திய பள்ளியில் சேர்த்தார்கள். அவன் பள்ளிக்கு வராமல் ஊர் சுற்றுபவன் என்று அங்கே பதிவேட்டில் குறித்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கட்டாயம் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்ற சட்டம் அயர்லாந்தில் 1892-இல்தான் வந்தது. ஆகவே அவனைத் தேடிப் பிடித்து வகுப்பில் உட்கார வைக்க யாருமில்லை. எழுதப் படிக்கச் சிறிது தெரிந்ததும், 1868-இல், வேலைக்குப் போனான். அப்போது அவனுக்கு வயது பன்னிரண்டு. நாங்கள் அந்த வயதில் ஏழாம் வகுப்பில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தோம்.

வேலை கிடைத்த இடம் எது தெரியுமா? கின்னஸ் என்னும் கறுப்பு பீரை பாட்டில்களில் அடைத்து விற்கும் பர்க் கம்பெனி. அங்கே அவன் எடுபிடிப் பையன். திரும்பி வரும் பாட்டில்களின் அடியில் சிறிது மீந்திருக்கும். மற்றப் பையன்கள் அதைச் சேர்த்து வைத்துக் குடிப்பார்கள். இவனும் குடித்தான். குடிக்காவிட்டால் யாரும் அடித்திருக்க மாட்டார்கள்; வேலையை விட்டு நீக்கியிருக்கவும் மாட்டார்கள். ஆனால் ஒரு மூலையில் தனியாக நிற்க வேண்டியிருக்கும். பன்னிரண்டு வயதில் அந்தத் தனிமையைத் தாங்குவது எவ்வளவு கடினம் என்பது, அந்த வயதைத் தாண்டி மூன்றே ஆண்டுகள் ஆன எங்களுக்கு நன்றாகத் தெரியும். பெரியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள் என்று சில சமயம் எங்களுக்குத் தோன்றும்.

ஓராண்டுக்குள் பையன் தள்ளாடிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். தந்தை அவனை நையப் புடைத்தார். தம் கண் முன்னேயே இருக்கட்டும் என்று, தாம் வேலை பார்த்த துறைமுகக் கிடங்கிலேயே அவனைச் சேர்த்துவிட்டார். அங்கே என்ன இருந்தது? சுங்க வரி கட்டும் வரை பூட்டி வைக்கும் விஸ்கிப் பீப்பாய்கள்! பீரிலிருந்து பையன் விஸ்கிக்கு ஏறினான். அடித்த தந்தையும் குடிப்பவர். வீட்டில் மூத்தவரைத் தவிர மற்றச் சகோதரர்களும் குடிக்கப் பழகினார்கள். இப்படிப்பட்ட வீட்டில் அடி என்ன பயன் தரும்?

தந்தையின் மானத்தைக் கெடுக்க வேண்டாம் என்று துறைமுகத்தை விட்டு வெளியேறி, வாலிப வயதில் கட்டட வேலைக்குப் போனார் மாட். கொத்தனாருக்குச் செங்கல்லும் சாந்தும் சுமந்து கொடுக்கும் சித்தாள் வேலை. வேலையில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. உடல் வலு மிக்கவர். மற்றவர்களும் அதே வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்று மேஸ்திரி அவரையே முதல் ஆளாக நிறுத்துவாராம். ஆனால் சனிக்கிழமை வாங்கும் கூலி செவ்வாய்க்கிழமை வரை நிற்காது. கூலி தீர்ந்தால் கடன். கடன் கிடைக்காவிட்டால் காலில் கிடக்கும் பூட்ஸ் அடகுக்கடைக்குப் போகும். வெறுங்காலோடு வீடு திரும்பிய நாட்களும் உண்டு.

அந்த நாட்களில்தான் அவர் வாழ்நாள் முழுதும் மறக்க முடியாத ஒரு பாதகம் நடந்தது. தெருவில் பிடில் வாசித்துப் பிழைக்கும் ஓர் ஏழை அவர்களோடு மதுக்கடையில் இருந்தான். கையில் காசு தீர்ந்ததும் அவனுடைய பிடிலைக் கிளப்பிக்கொண்டு போய் விற்று, அந்தக் காசுக்கும் குடித்தார்கள். பிடில் போனால் அவனுக்குச் சோறு இல்லை. எல்லோரும் சேர்ந்துதான் சிரித்திருப்பார்கள். கூட்டமாக இருக்கும்போது இப்படிப்பட்டதெல்லாம் வேடிக்கையாகத்தான் தோன்றும் போலும்.

தொழிலாளர்களிடையே அப்போது இருந்த ஒரு வழக்கத்தைச் சொன்னால்தான் அடுத்து நடந்தது விளங்கும். யாரிடம் கூலி இருக்கிறதோ அவர் அன்று எல்லோருக்கும் வாங்கிக் கொடுப்பார். மறு முறை வேறொருவர். முறை தவறினால் கஞ்சன் என்ற பெயர். வாங்கிக் கொடுத்ததை மறுத்தாலோ, கூட்டாளிகளை அவமதித்ததாக அர்த்தம். இந்த முறைக்குள் அகப்பட்டவன் தனக்கு வேண்டிய அளவு குடிப்பதில்லை. கூட்டத்தில் எத்தனை பேரோ அத்தனை கோப்பை குடிக்கிறான். போதாக்குறைக்கு, கூலியையே மதுக்கடையில் வைத்துக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. அதைத் தடுக்க 1883-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் தனியாக ஒரு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. மாட் இந்த முறையை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. கையில் காசு உள்ளவரை கேட்டவருக்கெல்லாம் வாங்கிக் கொடுத்தார். தாயாருக்குக் கொடுத்ததோ மிகச் சொற்பம்.

1884-ஆம் ஆண்டு. மாட்டுக்கு இருபத்தெட்டு வயது. அந்த வாரம் முழுவதும் வேலைக்குப் போகவில்லை. கையில் ஒரு பென்னி கூட இல்லை. சனிக்கிழமையன்று, வேலை முடிந்து கூட்டாளிகள் கூலியோடு வரும் நேரம் பார்த்து, தம்பியையும் கூட்டிக்கொண்டு வழக்கமான மதுக்கடைக்கு வெளியே தெருமுனையில் போய் நின்றார். எத்தனை வாரம் இவர்களுக்கு நாம் வாங்கிக் கொடுத்திருக்கிறோம், இன்று நம்மைக் கூப்பிடாமலா போவார்கள் என்ற நம்பிக்கை. கூட்டாளிகள் வந்தார்கள். இருவராகவும் மூவராகவும் வந்தார்கள். நலம் விசாரித்தார்கள். விசாரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். ஒருவர் கூட வா என்று அழைக்கவில்லை.

குடி கிடைக்கவில்லை என்பதைவிட, நட்பு என்று நினைத்தது நட்பே அல்ல என்று தெரிந்ததுதான் நெஞ்சை அறுத்தது என்று பிற்காலத்தில் அவரே தம்மவர்களிடம் கூறியிருக்கிறார். பதினாறு ஆண்டுகள் யாருடைய கேலிக்குப் பயந்து குடித்தாரோ, யாருடைய கூட்டத்தை விட்டுப் பிரிய மனமில்லாமல் குடித்தாரோ, அவர்கள் அவரைத் தெருவில் நிறுத்திவிட்டுக் கடந்து போக ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. இதைப் படித்த அன்று எங்களுக்குள் நீண்ட நேரம் பேச்சு நடந்தது. அந்தக் கூட்டாளிகள் கொடியவர்களா? அப்படிச் சொல்ல முடியாது என்றே முடிவு செய்தோம். அவர்களுக்கும் கூலி குறைவு, வீட்டில் பிள்ளைகள், யாரோ ஒருவர் அழைப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கலாம். குடித்துக்கொண்டிருந்தவரை மாட் அவர்களுள் ஒருவர். காசு இல்லாத மாட் அவர்களுக்கு யாரோ ஒருவர். அவ்வளவுதான்.

அவர் நேரே வீட்டுக்கு நடந்தார். சனிக்கிழமை அந்த நேரத்தில், அதுவும் தெளிந்த நிலையில், மகன் வந்து நின்றதைக் கண்டு தாயார் திகைத்துப் போனார். சாப்பாடு முடிந்தபின், தாம் குடிப்பதில்லை என்று பிரதிக்கினை செய்யப் போவதாக மாட் சொன்னார். தாயார் உடனே மகிழ்ந்து கூத்தாடவில்லை. கடவுள் பெயரால் போ, ஆனால் காப்பாற்றுவதாக இருந்தால் மட்டும் செய், இல்லாவிட்டால் செய்யாதே என்றார். எத்தனை வாக்குறுதிகள் உடைந்து போனதை அந்த அம்மா பார்த்திருக்க வேண்டும்! கணவரிடமிருந்தும் கேட்டிருப்பார், பிள்ளைகளிடமிருந்தும் கேட்டிருப்பார். அப்படியிருந்தும் ஏளனமாக ஒரு வார்த்தை சொல்லாமல், மகன் படி இறங்கும்போது அவனுக்கு உறுதி தரும்படி இறைவனை வேண்டினார்.

மாட் கிளான்லிஃப் என்னும் இடத்தில் உள்ள திருச்சிலுவைக் குருமடத்துக்குச் சென்றார். அங்கே ஒரு குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். பல ஆண்டுகளுக்குப் பின் செய்த பாவசங்கீர்த்தனம் அது. பிறகு பிரதிக்கினை. வாழ்நாள் முழுவதற்கும் அல்ல, மூன்றே மாதங்களுக்கு! இந்த மூன்று மாதம் என்பது எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆயுள் முழுவதும் என்று சொல்லியிருந்தால் அந்த மலையைப் பார்த்தே அவர் மயங்கி விழுந்திருப்பார். 1935-இல் அமெரிக்காவில் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் சங்கத்தாரும், இன்று ஒரு நாள் மட்டும் குடிக்காமல் இருப்போம் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். மூன்று மாதம் முடிந்ததும் மாட் ஆறு மாதத்துக்குப் பிரதிக்கினை செய்தார். அதன்பின்தான் ஆயுளுக்கும்.

ஆனால் அந்த முதல் மூன்று மாதம் எப்படிப்பட்டது! உடல் நடுங்கிற்று, குமட்டல், மனச்சோர்வு, இல்லாதவை கண்ணுக்குத் தெரிந்தன. தம்மால் முடியாது, மூன்று மாதம் முடிந்ததும் மறுபடியும் குடிக்கத்தான் போகிறேன் என்று தாயாரிடம் சொல்லிப் புலம்பினார். நெடுங்காலம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனப்பிறழ்ச்சியும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம், மருத்துவர் துணையோடு நிறுத்த வேண்டும் என்பது இன்று நன்கு தெரிந்த செய்தி. அந்த நாளில் ஓர் ஏழைச் சித்தாளுக்கு அதையெல்லாம் யார் சொல்லுவார்? இவருக்கு வாய்த்த மருந்து தாயாரும் கோவிலுமே. இளம் வயதில் தொடங்கியவர்களுக்கு விடுவது மேலும் கடினம் என்றும் மருத்துவர்கள் கூறுகிறார்கள். இவர் தொடங்கியதோ பன்னிரண்டில்.

எல்லாவற்றையும்விடச் சங்கடமான நேரம் மாலை நேரம். காலையில் பிரச்சினை இல்லை. ஐந்து மணித் திருப்பலி, பிறகு வேலை. வேலை நேரத்தில் கை ஓயாது. ஆனால் மாலை ஆறு மணிக்குக் கூட்டாளிகள் கை அலம்பிக்கொண்டு கடையை நோக்கி நடக்கும்போது இவர் எங்கே போவார்? வீட்டில் குடிக்கும் சகோதரர்கள். தெருவில் ஒவ்வொரு முனையிலும் ஒரு கடை, கடை வாசலில் தெரிந்த முகம். ஆகவே மாட் நடக்கத் தொடங்கினார். தெரிந்தவர் எதிர்ப்படாத தெருக்களின் வழியே, தொலைவில் உள்ள கோவில்களுக்கு நடந்தார். அங்கே கதவு பூட்டும் வரை உட்கார்ந்திருந்தார். முதலில் அவர் போனது பக்தியால் மட்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்தைக் கழிக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. பக்தி அங்கே உட்கார உட்கார வந்தது.

ஒரு மாலை அவர் ஏறக்குறைய தோற்றுப் போனார். நடந்துகொண்டே போனவர், கார்டினர் தெரு முனையில் இருந்த ஒரு மதுக்கடைக்குள் கால் வைத்துவிட்டார். கையில் காசும் இருந்தது. அது அவர் வழக்கமாகப் போகும் கடை அல்ல. ஊற்றிக் கொடுப்பவர் தமக்குத் தெரிந்த வாடிக்கைக்காரர்களையே கவனித்துக்கொண்டிருந்தாரே ஒழிய, புதிதாக வந்து நிற்கும் இவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. சிறிது நேரம் நின்று பார்த்தார். பிறகு வெளியே வந்து, அருகில் இருந்த சேசு சபையாரின் புனித சவேரியார் கோவிலுக்குள் புகுந்துகொண்டார். கோவில் அடைக்கும் வரை வெளியே வரவில்லை. இரண்டு முறையும் அவரைக் காப்பாற்றியது மற்றவர்கள் காட்டிய அலட்சியம்தான் என்று எண்ணும்போது எங்களுக்குச் சிரிப்பும் வருகிறது. அன்றைக்கு அவர் ஒரு முடிவு செய்தார். வெளியே போகும்போது இனிச் சட்டைப் பையில் காசு வைப்பதில்லை. இந்த முடிவைச் சாகும்வரை கைக்கொண்டார் என்கிறார்கள். தம் மன உறுதியை அவர் பெரிதாக நம்பவில்லை. பை காலியாக இருந்தால் மனம் தடுமாறினாலும் கால் உள்ளே போய்ப் பயனில்லை அல்லவா?

அவர் அடிக்கடி சென்ற அந்தச் சவேரியார் கோவிலில்தான் 1898-ஆம் ஆண்டு டிசம்பரில் சேசு சபைக் குரு ஜேம்ஸ் கல்லன் அடிகளார் பயனியர் மதுவிலக்குச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கத்தின் முதல் உறுப்பினர்கள் நான்கு பேர், நால்வரும் பெண்மணிகள். மகளிர் பள்ளி மலரில் இதைச் சொல்லாமல் விடலாமா?

குடியை விட்டபின் செய்த முதல் காரியம் கடன்களைத் தீர்த்ததுதான். எந்தெந்தக் கடையில் எவ்வளவு பாக்கி என்று நினைவுபடுத்திக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தீர்த்தார். ஆனால் பிடில்காரனின் கடன்? அவனைத் தேடி டப்ளின் முழுவதும் அலைந்தார். ஏழைகள் தங்கும் விடுதிகளில் விசாரித்தார். கிடைக்கவேயில்லை. இறுதியில், அவன் இறந்துவிட்டிருப்பான் என்று எண்ணி, பிடிலுக்கு உரிய தொகையைக் கொடுத்து அவன் ஆன்மாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கச் செய்தார். அவர் பிற்காலத்தில் செய்த தவங்கள் பெரியவைதான். ஆனால் ஒரு பிடிலைச் சுமந்து திரியும் முகத்தைத் தேடி ஆண்டுக்கணக்கில் தெருத் தெருவாக நடந்த அந்த நடைதான் எங்கள் மனத்தை விட்டு நீங்கவில்லை.

தவங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1890-இல் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் சேர்ந்தார். பலகையே படுக்கை, மரக்கட்டையே தலையணை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து செபிப்பார். உணவு பெரும்பாலும் ரொட்டியும் கோக்கோவும். ஆன்ம குருவின் வழிகாட்டுதலின்றி எதையும் செய்யவில்லை. இவற்றை எல்லோரும் பின்பற்ற வேண்டும் என்று திருச்சபை கேட்கவில்லை. அவரும் யாரிடமும் சொன்னதில்லை. வேறொன்றுதான் எங்களை மிகவும் கவர்ந்தது. பள்ளிக்குப் போகாமல் ஊர் சுற்றிய அந்தப் பையன், நாற்பது வயதுக்கு அருகில் மறுபடியும் படிக்க உட்கார்ந்தார். வேதாகமம், புனித அகுஸ்தீனாரின் வரலாறு, புனிதர்களின் நூல்கள் என்று எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தார். புரியாத இடங்களைக் குருக்களிடம் கேட்டார். மனத்தில் பட்டதைக் கிடைத்த துண்டுத் தாள்களில், எழுத்துப் பிழைகளோடு எழுதி வைத்தார். அந்தத் தாள்கள் காப்பாற்றி வைக்கப்பட்டிருக்கின்றன.

பின்னர் பல ஆண்டுகள் டி அண்ட் சி மார்ட்டின் என்பவர்களின் மரவாடியில் வேலை பார்த்தார். கப்பலில் வரும் பலகைகளைச் சுமந்து அடுக்கும் வேலை. அங்கும் குடிப்பவர்கள் நடுவில்தான் நின்றார். இதைக் கவனிக்க வேண்டும்: அவர் மடத்துக்கு ஓடிவிடவில்லை. குடிப்பவர்களுக்கு உபதேசமும் செய்யவில்லை. அவருடைய சட்டைக் கையில் இரண்டு ஊசிகள் சிலுவை போலக் குத்தியிருக்கும். அது அவருக்கே நினைவூட்டிக்கொள்ள. தொடக்கத்தில் கேலி செய்தவர்கள் காலப்போக்கில் பழகிவிட்டார்கள். பிள்ளைக்குப் பூட்ஸ் வாங்கக் காசில்லை என்று தவித்த தொழிலாளிக்கு அவர் கைக்காசைக் கொடுப்பார். கேலி செய்தவர்களே கடனுக்கு வந்து நின்றதும் உண்டு. ஒரு முறை ஒரு நற்குணமுள்ள பெண் அவரை மணந்துகொள்ள விரும்பியபோது, நவநாள் செபம் செய்து யோசித்துவிட்டு, தமக்கு அந்த அழைப்பு இல்லை என்று பணிவோடு மறுத்தார்.

ஜேம்ஸ் லார்கின் தலைமையில் இருந்த போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தில் அவரும் உறுப்பினர். 1913 ஆகஸ்டு முதல் 1914 தொடக்கம் வரை டப்ளின் முதலாளிகள் கதவை அடைத்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்களை வெளியே நிறுத்தியபோது, அவரும் வெளியே நின்றார். சங்கம் கொடுத்த உதவிப் பணத்தை, தாம் உழைத்துப் பெற்றதல்ல என்று முதலில் வாங்க மறுத்தாராம். பிறகு வாங்கிப் பிள்ளைக்குட்டிக்காரர்களுக்குக் கொடுத்தார் என்பார்கள்.

தாயார் கடைசி ஆண்டுகளில் மாட்டோடு மேல் ரட்லண்ட் தெருவில் ஓர் அறையில் வாழ்ந்து, 1915-இல் இறந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மகன் சொன்ன சொல் தவறாமல் நடந்ததைக் கண்ணாரக் கண்டுவிட்டுத்தான் போனார். அந்த அம்மாவுக்கு அது கிடைத்ததில் எங்களுக்கு ஒரு தனி நிம்மதி.

1923-இல் இதய நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. மேட்டர் மருத்துவமனையில் இருந்தார். வேலையும் இல்லை, வருவாயும் இல்லை. அந்த நிலையிலும் 1924 டிசம்பரில், சீனாவில் வேதம் போதிக்கச் சென்ற அயர்லாந்து மிஷனரிமார்களுக்கு ஒரு பவுன் அனுப்பினார். அவர் சகோதரி பத்து ஷில்லிங் சேர்த்திருந்தார். கூட வைத்திருந்த சிறு கடிதம் தட்டுத் தடுமாறி எழுதப்பட்டது. ஒரு காலத்தில் அவருடைய கூலி முழுவதும் போன வழியை நினைத்துப் பார்த்தால், அந்த ஒரு பவுனின் மதிப்பு தெரியும்.

1925 ஜூன் 7, மூவொரு இறைவன் திருநாள். வெயிலான ஞாயிறு. டொமினிக்கன் சபையாரின் புனித இரட்சகர் கோவிலுக்கு மறுபடியும் ஒரு திருப்பலி காணப் போய்க்கொண்டிருந்தவர், கிரான்பி சந்தில் மயங்கி விழுந்தார். பக்கத்தில் இருந்த ஒரு பெண்மணி ஓடி வந்து தண்ணீர் கொடுத்தார். கோவிலிலிருந்து குருவானவர் வந்து சேர்வதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. அவர் யார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. செபமாலையும் செபப்புத்தகமும் இருந்தன. பெயர் சொல்லும் பொருள் எதுவும் இல்லை. ஜெர்விஸ் தெரு மருத்துவமனையில் உடலைக் கழுவியபோதுதான், ஆடைக்குள் தவச் சங்கிலிகளும் கயிறுகளும் அணிந்திருந்தது தெரிந்தது. மறுநாள் சகோதரி வந்து அடையாளம் காட்டினார். ஜூன் 11-ஆம் நாள், நற்கருணைத் திருநாளன்று, கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சிலர் கூடி அடக்கம் செய்தார்கள்.

சர் ஜோசப் கிளின் என்பவர் 1926-இல் அவரைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அது பல நாடுகளுக்கும் பரவிற்று. 1931-இல் டப்ளின் மேற்றிராசனம் அவரைப் பற்றிய விசாரணையைத் தொடங்கியது. 1972-இல் அவர் எச்சங்களை ஷான் மக்டெர்மட் தெருவில் உள்ள லூர்து அன்னை கோவிலுக்குக் கொண்டு வந்தார்கள். 1975 அக்டோபர் 3-ஆம் நாள் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். 1978-இல் லிஃபி ஆற்றின் மேல், அவர் தந்தை வேலை பார்த்த சுங்க மாளிகைப் பக்கத்தில் கட்டிய பாலத்துக்கு டால்பட் நினைவுப் பாலம் என்று பெயர் வைத்தார்கள்.

விசாரணையில் சாட்சி சொன்னவர்களில் கற்றறிந்த குருக்கள் இருந்தார்கள். அவருடைய சகோதரிகள் இருந்தார்கள். அவர்களோடு, மரவாடியில் அவர் பக்கத்தில் நின்று பலகை சுமந்த கூலித்தொழிலாளிகளும் வந்து வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.